மாப்பிள்ளை பட்டியலில் நூற்றுப் பதினெட்டு

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது என் தொழில் என்று இருபது வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். என் மனைவிக்கு இந்த வேலை கிடைத்த அன்றோடு அந்தப் பெருமை போயிற்று.

வானத்தின் அகச்சிவப்புப் படங்களில் நட்சத்திரக் கொத்துகளைத் தேடுவது அவள் வேலை. நம் பால்வெளியில் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன. பிறக்கிற இடமோ ஒரே தூசி. சாதாரண வெளிச்சம் அதைத் தாண்டி வராது. அகச்சிவப்பு ஓரளவு வந்துவிடும். அதைப் பிடிக்கும் தொலைநோக்கி எங்கோ ஒரு மலை உச்சியில் இருக்கிறது. இவள் அதை நேரில் பார்த்ததுகூட இல்லை. காலையில் சாப்பாட்டுப் பையோடு பஸ் ஏறி, மூன்றாம் மாடியில் திரை இழுத்துவிட்ட அறையில் கணினி முன் உட்கார்ந்து, ஐந்தரைக்குத் திரும்பிவிடுவாள். "உங்க வீட்டம்மா ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பாங்களோ?" என்று கடைக்கு வருபவர்கள் அனுதாபப்படுவார்கள். ஒன்பதரைக்கெல்லாம் குறட்டை விடுகிறாள் என்று நான் எப்படிச் சொல்வது?

அலுவலகத்தின் செல்லப்பிள்ளை ஒரு கணினி நிரல். எங்கே நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியல் போடும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது இவள்தான்.

"எது பண்ணாலும் ஆகா ஓகோம்பாங்க. தப்பு பண்ணா 'பாவம், புதுசு'ம்பாங்க. வேற என்ன பேர் வைக்கிறது?"

அவள் அப்பா வீட்டுக்கு நானும் மாப்பிள்ளைதான். இது எனக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது.

மாப்பிள்ளை வேண்டாமென்று ஒதுக்கிய படங்களை இவள் மறுபடி அலசிப் பார்க்க வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம். அதற்குள் ஒரு கொத்தாவது உறுதியானால் வேலை நீடிக்கும், இல்லையென்றால் வீடுதான். முதல் பத்து மாதத்தில் மூன்று கொடுத்தாள். மூன்றும் சொதப்பல். கொத்து என்று இவள் நினைத்ததெல்லாம் தூசியில் விழுந்த ஓட்டை. ஓட்டை இருந்தால் வெகு தூரத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் அந்த இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். கூடி நிற்பதுபோலத் தோன்றும். அலுவலகத்தில் இவளுக்கு 'ஓட்டை அக்கா' என்று பட்டம் கட்டினார்கள். அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோராவது மாதம் நான்காவது அகப்பட்டது. மங்கலாக, முப்பது நாற்பது நட்சத்திரங்கள். தூசியைத் தாண்டி வரும் வெளிச்சம் சிவந்துவிடுமாம்; ஓட்டை வழியாகத் தெரிந்தால் சுற்றியிருப்பவற்றைவிடச் சிவப்பு குறைவாக இருக்க வேண்டுமாம். இவையோ கூடுதல் சிவப்பு. அப்படியென்றால் தூசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. நான் தலையாட்டுவது நடிப்பு என்று தெரிந்தும் என்னிடம் அரை மணி நேரம் விளக்கினாள்.

தலைமை அதிகாரியிடம் கொண்டுபோனாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார்.

"மறுபடியும் ஓட்டையாம்மா? பெரிய தொலைநோக்கியில நமக்குக் கிடைக்கிறதே ரெண்டு நாள். அதுல விளையாட முடியாது."

இவள் என்ன செய்தாள் தெரியுமா? மாப்பிள்ளையின் பட்டியலில் நூற்றுப் பதினேழு வரிகள் இருந்தன. அடியில் நூற்றுப் பதினெட்டாவதாகத் தன்னுடையதைச் செருகிவிட்டாள். மறுநாள் அதே அதிகாரி அதே படத்தைப் பார்த்து, "அடடா, என்னமா புடிச்சிருக்கு பாருங்க!" என்று புல்லரித்துப்போனார். பெரிய தொலைநோக்கிக்கு முதல் ஆளாக அதைத்தான் அனுப்பினார்.

அன்று வீட்டில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அசல் கொத்துதான். எல்லா நட்சத்திரங்களும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதிகாரி எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை இவ்வளவு நல்லா பார்க்கும்போது, அது ஒதுக்கினதைத் திரும்ப ஒரு ஆள் பார்க்கணுமா? அந்த வேலையை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்."

அதுதான் இவள் வேலை. தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். சும்மா இருந்தால் வேலை போகும். உண்மையைச் சொன்னால், பட்டியலில் கைவைத்த குற்றத்துக்கு இன்றே போகும். எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று எழுந்து நின்றாள்.

"சார், நிரலை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார்கள். நூற்றுப் பதினேழு. மறுபடி ஓட்டினார்கள். நூற்றுப் பதினேழுதான்.

"இன்னொண்ணு எங்க?"

"அது நான் போட்டது, சார்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? உங்களை இப்பவே அனுப்பலாம்."

"தெரியும் சார், அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு அனுப்புங்க. என் பேர்ல வந்திருந்தா இதைப் பார்த்திருப்பீங்களா?"

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கடையில் வாங்கிய கண்ணாடி, அப்படியொன்றும் அழுக்காகியிருக்காது.

"பார்த்திருக்க மாட்டேன்" என்றார்.

அந்த மனிதரை நான் பதினோரு மாதம் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். இவள் வந்து இதைச் சொன்னதும் என் கோபம் அடங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. இவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது, இன்னொரு வருட ஒப்பந்தமும் கிடைத்தது. அதோடு புதிதாக ஒரு விதி வந்தது: இனி மாப்பிள்ளை கண்டுபிடித்ததும் மனிதர் கண்டுபிடித்ததும் கலந்து, பெயரில்லாமல், வெறும் எண்ணோடுதான் அதிகாரி மேஜைக்குப் போகும்.

அடுத்த மாதம் அப்படி இவளுடைய ஐந்தாவது போனது. ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஓட்டை.

போனில் 'தேறலை' என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தால், இவள் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள்.

"தேறலையாமே, அப்புறம் என்ன சிரிப்பு?"

"அவர் வேண்டாம்னது படத்தைங்க" என்றாள். "என்னை இல்ல."