கூரையில் குறைந்த நாலு இஞ்ச்

நான் அளக்கிறவன் என்று எங்கள் தெருவில் பெயர். மறுக்கவில்லை. நாற்பது வருஷம் கார் பாடிக்கு டேப் பிடித்தவன். பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. ஆனால் இது நடந்தது. என் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலு இஞ்ச். சந்தேகப்படுகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். சிலது சுடும்.

வருவதென்றால் விடிவதற்குள் வாருங்கள். என் மனைவி எழுந்துவிட்டால் பிரயோஜனமில்லை. காரணம் கடைசியில்.

காரைக் கண்டுபிடித்தது என் மச்சான். என் மனைவியின் தம்பி, வெல்டர், ஆறடி ரெண்டு இஞ்ச். எங்கள் வீட்டுச் சமையலறை வாசல் நிலைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். உள்ளே வரும்போதெல்லாம் 'ணங்' என்று இடித்துக்கொள்வான். என் மனைவி மேல் கட்டையில் ஒரு பழைய துணியை மடித்துக் கட்டினாள். அன்றிலிருந்து 'பொத்'. அந்தச் சத்தம் கேட்டால், மச்சான் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

பழைய இரும்பு யார்டில், உடைந்த பஸ்களுக்குப் பின்னால் நின்றது அந்த ரெண்டு கதவு கூப்பே. வருகிறவர்கள் எல்லாம் நாலு கதவு வண்டியைத்தான் கேட்பார்கள். இதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. துருப்பிடித்துப் போயும் முதுகு வளைவு மட்டும் அப்படியே இருந்தது.

"மாமா, முன் மட்கார்டைக் கழட்டிடலாம். பெரிய இன்ஜின் வைக்கலாம். கூரையை நாலு இஞ்ச் இறக்கிட்டா... ஹாட் ராட் மாமா! ரோட்ல போனா நாய்கூட குரைக்க மறந்துடும்."

"முதல்ல இது ரோட்டுக்கு வரட்டும்டா."

கதவைத் திறந்தேன். ஓட்டுநர் சீட்டில் மூன்று திண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பெடல்களில் மரக்கட்டைகள் ஆணியடித்திருந்தன. ஒரு கட்டைக்கு மேல் இன்னொரு கட்டை. அதற்கு மேல் இன்னொன்று. மூன்றும் வேறு வேறு மரம்.

மச்சான் சிரித்தான். "இதை ஓட்டினவன் நம்ம முழங்கால் உயரம்தான் இருந்திருப்பான் போல!"

யார்டுக்காரர் சிரிக்கவில்லை. "யார் ஓட்டப் போறது?" என்றார்.

"நான்தான்" என்றான் மச்சான்.

அவனைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். தையல்காரர் பார்ப்பதுபோல். பிறகு சாவியைத் தந்தார்.

வண்டியை எங்கள் ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். திண்டுகளையும் கட்டைகளையும் பிடுங்கி மூலையில் போட்டோம். இன்ஜினை இறக்கி ஸ்டாண்டில் வைத்தோம். பிறகு கூரை.

கூரை இறக்குவதில் ஒரு முறை உண்டு. யார் ஓட்டுவாரோ அவரைத்தான் உள்ளே உட்கார வைக்க வேண்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி இடம் விட்டு, கூரையைத் தாங்கும் தூண்களில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அந்த ஆளுக்கு அந்த வண்டி. சட்டை தைப்பது மாதிரி.

மச்சான் உட்கார்ந்தான். என் முஷ்டியை அவன் தலைமேல் வைத்தேன். கோடு போட்டேன். நாலு இஞ்ச்.

நாலு தூணிலும் வெட்டி, துண்டுகளை எடுத்துவிட்டுக் கூரையை இறக்கிப் பற்றவைத்தான். அருமையான வேலை. துண்டுகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை டேப் வைத்தேன். கூரை பழைய உயரத்தில் இருந்தது.

வெல்டிங் கோடு இருக்கிறது. துண்டுகள் பெஞ்சில் இருக்கின்றன. உயரம் மட்டும் குறையவில்லை.

"இரும்பு வளருமா மாமா?"

"நீ பத்தவச்சா வளரும்."

டேப்மேல் பழி போட்டோம். வேறு டேப் வாங்கினோம். அதுவும் அதையேதான் சொன்னது. பெஞ்சைத் துடைக்கலாம் என்று துண்டுகளை எடுத்தேன்.

சூடாக இருந்தன.

வெட்டிய இரும்பு சுடும்தான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்கவா? அதுவும் நெருப்புச் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி.

மச்சானிடம் சொல்லவில்லை. மறுபடியும் வெட்டினோம். நாலு இஞ்ச்.

அன்று மதியம் சாப்பிட வந்தான். சமையலறைக்குள் போனான், தண்ணீர் எடுத்தான், வெளியே வந்தான்.

'பொத்' கேட்கவில்லை.

என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். "டேய் தம்பி... தலை இடிக்கலையே?"

"பழகிடுச்சுக்கா. குனிஞ்சு வந்தேன்."

அவன் குனியவில்லை. நான் பார்த்தேன். அவன் தலைக்கும் துணிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

ஒரு முஷ்டி இடைவெளி.

அவன் பேன்ட்டின் கீழ் ஓரம் தரையைக் கூட்டிக்கொண்டு போனது. என் மனைவி உட்கார்ந்து மடித்துத் தைத்துக் கொடுத்தாள். "இளைச்சுட்டான்" என்றாள். இளைத்தால் கால் குறையுமா என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளை வீட்டில் கேட்கக் கூடாது.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். கூரை பழைய உயரம். பெஞ்சில் எட்டுத் துண்டுகள், எட்டும் சூடு.

வண்டிக்குள்ளேயிருந்து 'டொக்... டொக்...' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மச்சான் மூலையில் போட்ட மரக்கட்டையை எடுத்துக் கிளட்ச் பெடலில் ஆணியடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"கால் எட்டல மாமா."

சாதாரணமாகச் சொன்னான். நாற்காலி ஆடுது என்பதுபோல. வெளியே வந்து என் முன்னால் நின்றான். நான் ஐந்தடி ஆறு இஞ்ச். அவனை இத்தனை வருஷமாக அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன்.

அன்று நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கண்.

அவன் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது.

"மாமா... அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லல. துண்டைத் திரும்ப வச்சுப் பத்தவச்சிடுவோம். எடுத்ததைக் குடுத்துடுவோம். சரியாயிடும்."

சரியாகும் என்று நானே நம்பினேன். கிரைண்டரை எடுத்து, வெல்டிங் கோட்டில் வைத்தேன்.

பொறி பறந்தது. மச்சான் அலறினான்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டான். தூணில் ஒரு நூல் அளவுதான் கீறல். அவன் காலில் காயமே இல்லை. ஆனால் வலி அவனுக்குத்தான்.

கிரைண்டரைக் கீழே வைத்தேன்.

எடுக்கவும் முடியாது. கொடுக்கவும் முடியாது.

ஷெட்டைப் பூட்டினேன். சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி அந்த வண்டியைத் தொடுவதில்லை என்று மச்சானிடம் சத்தியம் வாங்கினேன்.

நாங்கள் நிறுத்திவிட்டோம்...

அது நிறுத்தவில்லை.

மறுநாள் காலை ஆறு பத்து. பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தேன்.

பெஞ்சில் பன்னிரண்டு துண்டுகள்.

மச்சான் என் பின்னால் வந்து நின்றான். திரும்பினேன். குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"மாமா, என்னைக் கூப்பிடுது."

"யாருடா?"

என்னைத் தாண்டி நடந்தான். கையைப் பிடித்தேன். பிடியில் சட்டைக் கை மட்டும் இருந்தது. உள்ளே கை இல்லை. அது எங்கோ மேலே, சட்டைக்குள் சுருங்கியிருந்தது.

வண்டிக் கதவு திறந்தது. அவன் திறக்கவில்லை.

திண்டுகளை அவனே அடுக்கினான். ஒன்று... இரண்டு... மூன்று.

கதவு மூடியது.

டுர்ர்ர்ர்...

இன்ஜின் ஓடும் சத்தம். இன்ஜின் எனக்கு இடப்பக்கம் ஸ்டாண்டில் இருந்தது. எண்ணெய் சொட்டிக்கொண்டு, அசையாமல்.

வண்டி நகர்ந்தது.

ஜன்னலில் தலை தெரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் மட்டும்.

சின்ன விரல்கள்.

"மாமா..." எங்கோ கீழேயிருந்து கேட்டது. "கூரை இப்ப சரியா இருக்கு மாமா."

அவ்வளவுதான். தெருவில் இறங்கித் திரும்பியது. நான் ஓடினேன். தெரு காலியாக இருந்தது. நாய்கூட குரைக்கவில்லை.

நேராக யார்டுக்குப் போனேன். கார் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார் யார்டுக்காரர். சட்டையைப் பிடித்தேன்.

"அதை முன்னால வச்சிருந்த குள்ளன் யாருய்யா? எங்கே அவன்?"

"குள்ளனா?" என் கையை மெதுவாக விலக்கினார். "பஸ்ஸுக்குள்ள அந்த ஆளால நிமிர்ந்து நிக்க முடியாது. அவ்வளவு உசரம். அவரும் கூரையைக் குறைக்கத்தான் வாங்கினார்."

உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்து கொட்டினார். நாலு இஞ்ச் இரும்புத் துண்டுகள். எண்ண மனம் வரவில்லை.

"அவங்க வீட்டம்மா குடுத்துட்டுப் போனாங்க. சூடு ஆறுற வரைக்கும் வீட்டுலயே வச்சிருந்தாங்களாம்."

ஒன்றை எடுத்தேன். ஜில்லென்று இருந்தது.

எங்கள் பன்னிரண்டையும் என் மனைவி நிலையில் கட்டியிருந்த அந்தத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். தினமும் எழுந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். "சூடு இருக்குங்க. தம்பி எங்கேயோ நல்லா இருக்கான்" என்பாள். பிறகுதான் முகம் கழுவுவாள்.

யார்டுக்காரர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் முதல் துண்டு ஆறியது. அன்றிலிருந்து நான் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். ஆறினதை மட்டும் பொறுக்கி அடுப்பில் காட்டி, காய்ச்சல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி துணியில் சுற்றிவிடுவேன்.

இன்றைக்கு அடுப்பில் வைத்தது எட்டு.