முப்பதடி உயரத்துப் பல்பு

என் மாமனாருக்கு ராணுவக் கட்டடப் பிரிவில் எஸ்டிமேட் போடும் வேலை. அதே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். ஒரு கட்டடத்தைக் கட்ட என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், சம்பளம் வந்துவிடும். இவர் அதோடு நிற்க மாட்டார். கட்டி முடித்தபின் நாற்பது வருஷம் அதற்குத் தீனி போட எவ்வளவு ஆகும் என்று இன்னொரு தாளையும் சேர்த்து வைப்பார். அதை யாரும் படித்ததில்லை.

வீட்டிலும் இதே தொல்லைதான். வாளி வாங்கப் போனால், "வாங்குறீங்களா, உடைக்கிறீங்களா?" என்று கடைக்காரர் கத்தும்வரை கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். அவர் மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் போய் நின்றபோது சம்பளத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "உங்கப்பாவுக்கு எத்தனை வயசுல முட்டி வலி வந்துச்சு?" என்றார்.

அதிகாரிகள் இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். கட்டடம் எங்கே போகும்? ஆளாளுக்கு ஒரு ரிப்பன் வெட்டத் துடிப்பார்கள். ஒழுகுவது அடுத்தவர் காலத்தில்தானே! புதிதாக வந்த கர்னலும் அப்படித்தான். புதுச் சிப்பாய்களுக்கு முப்பதடி உயரத்தில் ஒரு சாப்பாட்டுக் கூடம் வேண்டும் என்றார். மாமனார் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கும். அவருடைய பதவி உயர்வுக்கான சிபாரிசு கர்னலின் மேசையில் இருந்தது.

"பேசாம கையெழுத்து போட்டுட்டு வாங்க. உயர்வு வந்தா பென்ஷன் கூடும். அதை நாப்பது வருஷத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்களேன்" என்றார் மாமியார். மாமனார் நிஜமாகவே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

முகாமில் ஏற்கெனவே முப்பதடியில் ஒரு கூடம் இருக்கிறது. இருபது பல்புகளில் பதிமூன்று செத்துவிட்டன. ஒன்றை மாற்ற மேசைகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுச் சாரம் கட்ட வேண்டும். ஆறு பேருக்கு அரை நாள் வேலை. அதனால் யாரும் மாற்றுவதில்லை. விடியுமுன் சாப்பிட வரும் சிப்பாய்கள் தடவித் தடவித்தான் சாப்பிடுவார்கள்.

கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று கர்னல் எங்களை அங்கேயே காலை உணவுக்குக் கூப்பிட்டார். சர்க்கரை என்று உப்பை அள்ளித் தேநீரில் போட்டுக் குடித்தார்.

"தூ! வெளிச்சமே இல்லையே! எந்த முட்டாள்யா இதைக் கட்டினான்?"

மாமனார் கையில் பழைய ஃபைல் ஒன்று இருந்தது. வேண்டாம் என்று மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். இருட்டில் அது கர்னலின் கால். அவர் என்னை முறைத்துக்கொண்டிருக்கும்போதே மாமனார் ஃபைலைத் திறந்து டார்ச் அடித்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு சார். முப்பதடின்னு உத்தரவு போட்ட கேப்டனோட கையெழுத்து இது. உங்களுதுங்களா?"

கர்னல் குனிந்து பார்த்தார். மாமனார் டார்ச்சை அடுத்த கையெழுத்துக்கு நகர்த்தினார்.

"பக்கத்துல இருக்கிறது என்னுது. தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம், பயந்துட்டேன். நீங்க மாத்தலாகிப் போயிட்டீங்க. நான் தினமும் இந்த வாசல் வழியாத்தான் போறேன். இன்னொரு தடவை போட மாட்டேன் சார்."

புதுக் கூடத்துக்கான தாளைக் கையெழுத்துப் போடாமலே கர்னல் பக்கம் தள்ளினார்.

"எத்தனை அடி போதும்?" என்றார் கர்னல்.

"பன்னெண்டு. ஏணி எட்டும்."

கர்னல் முப்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். "முட்டாள்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கவா?"

"வேணாம் சார். ரெண்டு பேருக்கும் சரியாத்தான் இருக்கு."

கர்னல் சிரிக்கவில்லை. பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. மாமியார் மூன்று நாள் பேசவில்லை.

புதுக் கூடத்தின் திறப்பு விழா முடிந்து எல்லோரும் போனபின், மாமனார் ஏணியைச் சாத்தி ஏறினார். நன்றாக எரிந்த பல்பைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம், மாப்பிள்ளை" என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.