எழுந்து மிதித்த ஒடிலோன்

பன்றி அறுக்கிற ஒடிலோன் ரேஸ் சைக்கிளில் ஏறினால் சீட்டை விட்டு எழவே மாட்டான். மேடோ, எதிர்காற்றோ, கோவில் வாசலில் முடிகிற கடைசி ஓட்டமோ, உட்கார்ந்தபடியேதான் மிதிப்பான். என் மதுக்கடை கல் பாவிய மேட்டின் நடுவில் இருக்கிறது. திருவிழாப் பந்தயம் ஒவ்வொரு சுற்றுக்கும் என் வாசலைத் தாண்டித்தான் போகும். வாசலில் கிளாசோடு நிற்கிற தடியன்கள் அவனைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"டேய் ஒடிலோன், முட்டை போட்டு முடிச்சியா இல்லியா?"

"சுடுதண்ணி கொண்டாங்கடா, சீட்டோட ஒட்டிக்கிட்டான்!"

அவன் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். ஒருமுறை நானே கேட்டேன், ஏன்டா இப்படி என்று.

"சுல்மாக்கா, உக்காந்திருந்தவன் திடீர்னு எழுந்தா என்னாகும்? கால் ஒரு நொடி நிக்கும். சைக்கிள் ஒரு சாண் பின்னாடி போகும். பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றவனோட முன்சக்கரம் என் பின்சக்கரத்துல இடிக்கும். எனக்கு ஒண்ணும் ஆகாது. அவன் மூஞ்சி கல்லுல. வாரம் பூரா கத்தி பிடிக்கிறேன்க்கா, ஞாயித்துக்கிழமையாவது யாரோட ரத்தமும் வேணாம்."

பதினேழு வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறான், அவன் சக்கரத்தில் இடித்து ஒருவனும் விழுந்ததில்லை. அதில் அவனுக்குப் பெருமை. சொந்த ஊர்த் திருவிழாவில் மட்டும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, அது அவன் நெஞ்சில் முள். "ஒரே ஒரு தடவ நம்ம கோவில் வாசல்ல முதல்ல வரணும், யாரையும் தள்ளாம வரணும்" என்பான். எங்கள் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பக்கத்தில் இப்படி ஒரு கிறுக்கன்! இங்கே முழங்கையில் இடிக்கத் தெரியாதவனுக்கு பந்தய நம்பரே கொடுக்க மாட்டார்கள்.

ஒடிலோன் வேண்டாம் என்று ஒதுக்கியதையே பிழைப்பாக வைத்திருந்தவன் பக்கத்து ஊர் ஃபிர்மின். செங்கல் சூளையில் வேலை. பின்னால் ஒருவன் நெருங்கி வந்தால் வேண்டுமென்றே எழுவான் அந்தப் பாவி. நடுவரிடம் போய்ச் சொன்னால், "எந்திரிச்சு மிதிக்கிறது குத்தமாய்யா?" என்று கையை விரிப்பான். எத்தனை தோள்பட்டையை உடைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

அந்த வருடம் திருவிழா அன்று காலையிலிருந்தே மழை. கல்லெல்லாம் சோப்புப் போட்டது போல வழுக்கியது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் ஃபிர்மின் முன்னால் வருகிறான், அவன் சக்கரத்தை ஒட்டி வில்ஃப்ரீட், ஒடிலோன் மனைவியின் தம்பி. சரியாக என் வாசலில் ஃபிர்மின் எழுந்தான்.

வில்ஃப்ரீட் கையை ஊன்றக்கூட நேரமில்லை. முகம் நேராகக் கல்லில் மோதிய சத்தம் உள்ளே சமையலறை வரை கேட்டதாம். பின்னால் வந்தவன் ஒருவன் அவன் முதுகு மேலேயே ஏறிப் போனான். நாங்கள் தூக்கிக்கொண்டு வந்து பில்லியர்ட்ஸ் மேசையில் கிடத்தினோம். முகவாய் பிளந்து எலும்பு தெரிந்தது. ஒடிலோன் மனைவி மாரியெட் தன் மேலங்கியைச் சுருட்டித் தம்பி வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஃபிர்மினின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?

கடைசிச் சுற்று. மேட்டின் அடியில் இரண்டே பேர் தெரிந்தார்கள், மற்றவர்கள் எங்கோ பின்னால். முன்னால் ஒடிலோன், சீட்டில் அழுந்தி உட்கார்ந்தபடி. உட்கார்ந்திருந்தால்தான் அந்த ஈரக் கல்லில் பின்சக்கரம் பிடிக்கும். ஃபிர்மின் பக்கத்தில் வந்து அவன் பனியனைப் பிடித்து இழுத்தான். ஒடிலோன் முழங்கையால் உதறினான். ஃபிர்மின் கையை மடக்கி அவன் விலாவில் ஒரு குத்து, இன்னொரு குத்து. ஒடிலோன் வாய் கோணியது, ஆனாலும் எழவில்லை.

"உன் மச்சான் பல்லு எப்படிடா இருக்கு?" என்று ஃபிர்மின் கத்தியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

கத்திவிட்டு மறுபடி அவன் பின்னால் ஒதுங்கினான். காற்றுக்கு மறைவாக வந்து, மேட்டு உச்சியில் முந்திப் பாய்ந்துவிடலாம் என்று கணக்கு. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு விரல் கூட நுழையாது. வேறு எவன் பின்னாலும் அப்படி ஒட்ட மாட்டான் ஃபிர்மின், அவன் செய்கிற வேலை அவனுக்குத் தெரியாதா? ஒடிலோன்தானே, எழ மாட்டான் என்ற தைரியம்.

என் வாசலில் வில்ஃப்ரீட்டின் ரத்தத்தை மழை இன்னும் முழுதாகக் கழுவியிருக்கவில்லை. மாரியெட் கையெல்லாம் சிவப்பாக வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எந்திரிய்யா! எந்திரிச்சுத் தொலையேன்!"

தெருவே சேர்ந்து கத்தியது, என் தொண்டையும் சேர்த்துத்தான். "எந்திரிடா! எந்திரி!"

ஒடிலோன் கீழே அந்தச் சிவப்பைப் பார்த்தான். எழுந்தான். ஒரே ஒரு மிதி, அவ்வளவுதான், மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

ஃபிர்மின் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து வந்து விழுந்தான். மூக்கு, உதடு, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் கல்லோடு உரசிப் போனது. தெரு ஆர்ப்பரித்தது! ஒடிலோன் தனியாகக் கோவில் வாசலுக்குப் போய் ஜெயித்தான். கையைக்கூடத் தூக்கவில்லை.

பூங்கொத்தோடு அவனைத் தோளில் சுமந்து என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். வில்ஃப்ரீட்டை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபிர்மின் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் ஒரு பீர் கேட்டு வாங்கினான். குடித்ததில் பாதி சிவப்பாகத் தாடையில் வழிந்தது. பிறகு ஒடிலோன் தோளில் கையைப் போட்டான்.

"இந்தப் பக்கத்துல எவனையும் விழ வைக்காதவன் நீ ஒருத்தன்தான்டா பாக்கி இருந்த. இன்னைக்கு நீயும் நம்ம ஆளு. சுல்மா, இவனுக்கும் ஒண்ணு ஊத்து, என் கணக்கு!"

ஒடிலோன் பூங்கொத்தைக் கீழே போட்டான். பன்றியைச் சாய்க்கிற கை அது, முதல் அடியிலேயே ஃபிர்மின் பக்கத்து நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, ஏற்கனவே பிய்ந்திருந்த முகத்திலேயே அடித்தான். அடிக்க அடிக்க ஃபிர்மின் சிரித்தான், அந்தச் சனியன்! நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் ஒடிலோன் அசையவில்லை. நான் ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் மேலும் கொட்டினேன்.

சமையலறையில் ஒடிலோன் கையைக் கழுவிவிட்டேன். முட்டியெல்லாம் பிளந்திருந்தது.

"போதும்டா விடு. செஞ்சதுக்கு வாங்கிக்கிட்டான். உன் மேல என்ன தப்பு?"

"அது இல்லக்கா."

"பின்ன என்ன?"

"அவன் விழுந்த சத்தம் கேட்டுச்சே... எனக்கு இனிச்சுதுக்கா. ஜெயிச்சதுகூட அவ்ளோ இனிக்கல."

போய்த் தூங்கு, காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன்.

அடுத்த ஞாயிறு ஆற்றங்கரை ஊரில் பந்தயம். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். மழை இல்லை. ஃபிர்மின் வரவில்லை. ஒடிலோன் மேல் ஒருவனும் கை வைக்கவில்லை, எழு என்று ஒருவனும் கத்தவில்லை. பதினான்காம் இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தான். பின்னால் யாரோ ஒருவன் சக்கரத்தை ஒட்டி வந்தான். யாரென்று எனக்கும் தெரியாது, ஒடிலோனும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தான்.