இடது சீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அரை டம்ளர் குடித்து முடிப்பதற்குள் என் ரகசியக் கனவு ஒன்று கைநழுவிப் போகப் பார்த்தது!

எங்கள் வீட்டு ஜீப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத மாதமில்லை. புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடி ஒருமுறை... என் கணவர் பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியதும் செய்த முதல் காரியம், காடு மலையெல்லாம் சுற்ற ஒரு செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்கியது. முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதை நாலு இஞ்ச் உயர்த்தி, பூதம் மாதிரி டயர்கள் மாட்டி வைத்திருந்தார். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு போர்டிகோவுக்குள் அது நுழையவே மாட்டேன் என்றது. தெருவில்தான் நிற்கிறது. அதன் அடியில் நாய்கள் குடும்பம் குடும்பமாகத் தூங்குகின்றன.

அதில் ஏற எனக்கு ஒரு முக்காலி வேண்டும். முட்டி இருக்கிற இருப்புக்கு, “இது வண்டியா, பரணா?” என்று தினமும் ஒரு தடவையாவது கேட்காமல் இருந்ததில்லை.

ஆனால், அவருக்கே தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்... எனக்கு அந்த ஜீப் ரொம்பப் பிடிக்கும்.

சனிக்கிழமை மதியம் இவர் டிவியில் ஜீப் வீடியோ போடுவார். எங்கோ ஒரு மலை. கீழே ஒரு ஓடை. அதற்குள் ஒரு வண்டி மெல்ல மெல்ல இறங்கும். நான் சோபாவின் இந்த முனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, “இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?” என்று முணுமுணுப்பேன். முணுமுணுப்பது வாய்தான். கண் ஓடையில்தான் இருக்கும்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கண் சொக்கும். கத்தி பாதியில் நிற்கும். அப்புறம் நான் வீட்டில் இல்லை... பனி. நனைந்த யூகலிப்டஸ் வாசனை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, இடது சீட்டில் நான். இவர் ஓட்டுகிறார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு வேகம் என்று அதட்டவில்லை. கனவு என்றால் எப்பேர்ப்பட்ட கனவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் ஷெட்டுக்குக் கிளம்பியபோது, “அப்படியே காய் வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். காய் வீட்டிலேயே இருந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் ஏரி தெரிந்தது. காரில் போனால் எனக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகும் பஸ்ஸின் முதுகுதான். ஜீப்பிலிருந்து பார்த்தால் கடைகளின் தகரக் கூரைக்கு மேலே தண்ணீர் பளபளக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் காம்பவுண்டுச் சுவர்களுக்கு உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது. ஒரு வீட்டில் ஊஞ்சல். ஒரு வீட்டில் காய்த்துத் தொங்கும் மாதுளை. இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே போனில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். சேலையூர் பக்கம், சுவர் மேல் உட்கார்ந்திருந்த பூனையும் நானும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். நாலு இஞ்ச் உயரம் ஒரு ஊரையே மாற்றிவிடுமா? மாற்றிவிடுகிறது!

என்ன... அறுபதைத் தொட்டால் வண்டி கிடுகிடுவென்று நடுங்குகிறது. அதற்குத்தான் மெக்கானிக் ரியாஸ் பாயிடம் போனது.

வாரக்கடைசியில் நாவலூர் ஐ.டி. பையன்கள் எல்லாம் பாய் ஷெட்டில்தான் கிடப்பார்கள். வாய் ஓயாத மனிதர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசுவார்.

“முன்ன வெச்சிருந்த ஆளு ஸ்பிரிங்கே மாத்தல சார். பழைய ஸ்பிரிங் மேல கட்டை குடுத்து தூக்கிக்கினான். வண்டி ஒசந்துச்சு... ஆக்ஸில் ஒரு பக்கமா நவுந்துச்சு. பாடி ஒரு தெசைல போவுது, சக்கரம் ஒரு தெசைல போவுது. ஆடாம இன்னா பண்ணும்?”

எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று தம்பதிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். டீயை உறிஞ்சினேன்.

ஆக்ஸில் விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பெரிய டயரைச் சுழற்றப் பழைய ஆக்ஸிலுக்குத் தெம்பு போதாது, பாறையில் மாட்டினால் முறுக்கிக்கொள்ளும் என்றார் பாய். தடிமனானதையே போடச் சொல்லிவிட்டார் இவர். வண்டியை நேர்க்கோட்டுக்கு இழுக்க ஒரு ராடு. அதுவும் சரி.

ஸ்பிரிங்கில்தான் வந்தது வினை.

சுவரோரம் சாம்பிளுக்கு மூன்று நிறத்தில் வைத்திருந்தார். நீலம் லைட், மஞ்சள் மீடியம், சிவப்பு ஹெவி. உயரம் ஒன்றுதான், விறைப்புதான் வேறு. புடவைக் கடையில் ‘ஏதாவது ஒண்ணை எடும்மா’ என்று என்னை விரட்டும் மனுஷன், ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தடவித் தடவிப் பார்த்தார்.

“பாத்து எடுக்கிற ஐட்டம் இல்ல சார் இது” என்றார் பாய். “வண்டில எப்பவும் எவ்ளோ வெயிட் இருக்கும்? அத்த சொல்லுங்க. மேல டென்ட்டு, பின்னாடி டூல்ஸ், தண்ணி கேன்... சரி. எத்தினி பேர் போவீங்க?”

“நான் ஒருத்தன்தான் பாய்” என்றார் இவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அந்த இடது சீட்டைக் கழட்டிடலாம். அங்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வெக்கப் போறேன். மோர், தண்ணி, தயிர்சாதம்...”

ஃப்ரிட்ஜ்!

டம்ளரைக் கீழே வைத்தேன். என் ஓடை, என் பனி, என் ஜன்னல்... அங்கே ஒரு ஃப்ரிட்ஜ் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் மோரோடு மலையேறிக்கொண்டிருந்தது. சிரிப்பு வரவேண்டிய காட்சிதான். வரவில்லை. வலித்தது. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனின் கனவில் எனக்கு ஒரு சீட்கூட இல்லையா?

“அப்ப மீடியம் போதும்” என்று பாய் போனை எடுத்தார். “ஆர்டர் போட்டுர்றேன்.”

“ரெண்டு பேர்னா?”

யாரோ கேட்டார்கள். பார்த்தால், நான்தான்.

“ரெண்டு பேர், அவங்க லக்கேஜும் சேத்துன்னா ஹெவி போடணும்க்கா. மீடியத்துல ரெண்டு பேர் போனா பள்ளத்துல அடி தட்டும். இப்பவே சொல்லிடுங்க. கோயம்புத்தூர்லேர்ந்து வந்துச்சுன்னா ரிட்டர்ன் எடுக்கமாட்டான்.”

இவர் திரும்பிப் பார்த்தார். “ரெண்டாவது ஆள் யாரு?”

“ஏன், நான் ஆளாத் தெரியலையா?”

“நீயா! நீதானே வசந்தி வரமாட்டேன்னு சொன்ன?”

“நான் எப்பங்க வரமாட்டேன்னு சொன்னேன்? ஏற முடியலைன்னுதான் சொன்னேன்.”

அவர் மெதுவாக, “உன்னைக் கூப்பிடணும்னு எவ்வளவோ தடவை நெனச்சேன். கூப்பிட்டா திட்டுவியோன்னுதான்...” என்றார். கையில் அந்த மஞ்சள் ஸ்பிரிங். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நம்மில் நிறையப் பேர் ஆசையைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம், இல்லையா? ‘என்ன விலை சொல்றான் பாருங்க’ என்றால், அந்தப் புடவை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ‘இந்த வெயில்ல யாராவது மகாபலிபுரம் போவாங்களா’ என்றால், போகலாம், கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று அர்த்தம். நமக்கு அகராதி தெரியும். எதிரில் இருப்பவருக்கு? பாவம், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, நம் சீட்டில் ஃப்ரிட்ஜை வைத்துவிடுகிறார். நமக்குத் தொந்தரவு வேண்டாமே என்ற அக்கறையில்!

பாய்க்கு எங்கள் சரித்திரமெல்லாம் வேண்டாம். அவருக்குக் கணக்கு வேண்டும்.

“அக்கா, உங்க வெயிட் எவ்ளோ?”

ஷெட்டில் ஸ்பானர் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. சுற்றிலும் ஐ.டி. பையன்கள். டாக்டரிடமே இரண்டு கிலோ குறைத்துச் சொல்கிறவள் நான். குறைத்தால் பள்ளத்தில் அடி தட்டுமாமே... என்ன செய்ய?

“எழுபத்தாறு” என்றேன். கணீரென்று.

“எழுபதுன்னு இல்ல சொன்ன?” என்றார் இவர்.

“நீங்க சும்மா இருங்க.”

பாய் சிரிக்கவில்லை. அந்த நாகரிகம் அவரிடம் இருந்தது. மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பு ஸ்பிரிங்கைத் தட்டினார். சீட் கழட்டும் பேச்சு நின்றது. ஃப்ரிட்ஜைப் பின்னால் டூல்ஸோடு வைப்பதாக முடிவானது. பக்கவாட்டில், என் முட்டிக்குத் தோதாக ஒரு படி வைப்பதாகவும்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் பாய் என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணுக்கா. ஹெவி போட்டப்புறம் நீங்க வராம சார் மட்டும் தனியா ஓட்டினா, வண்டி தூக்கித் தூக்கி அடிக்கும். அவருக்கு இடுப்பு பேஜாராயிடும். நல்லா யோசிச்சு சொல்லுங்க... எல்லா ட்ரிப்புக்கும் கூட வருவீங்களா?”

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிளஸ் டூ பையன் மாதிரி.

“வருவேன் பாய்” என்றேன்.

முகூர்த்தத்தன்று இதை யாருமே என்னிடம் கேட்கவில்லையே... கேட்டிருந்தால், அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன்!