ஒரு சவரக்கத்திக்காகப் பதினொரு மைல்

ஆவணி மாதம், சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் குருக்கள்மடம் சந்தியில் நின்றேன். கல்முனையிலிருந்து வந்த பஸ் நிற்காமலே போகப் பார்த்தது. என் தாடியைப் பார்த்த சாரதி, யாரோ சாமியார், காசு தரமாட்டார் என்று நினைத்துவிட்டாராம். இருபத்தைந்து சதத்தை உயர்த்திக் காட்டினேன். நின்றது.

சாமியாராகும் யோக்கியதை எனக்கு இல்லை. மனைவி வயிற்றோடு இருந்தால் புருசன் முகம் வழிப்பதில்லை. அது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வளர்ந்த தாடி. பெண்பிள்ளை பிறந்து, வருகிற திங்கட்கிழமையோடு முப்பத்தொரு நாள். அன்று பிள்ளை பெற்ற தீட்டான துடக்குக் கழித்து, பிள்ளையை முதன்முதலாகத் தகப்பன் கையில் கொடுப்பார்கள். அதற்குள் முகம் வழித்தாக வேண்டும். ஆனால் ஊரில் முடி வெட்டுகிற ஒரே மனுசனுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவருடைய கத்தியைவிட நெல் அறுக்கிற தாக்கத்தி மெத்தென்று இருக்கும் என்று நான் கோயில் வீதியில் நாலு பேர் சிரிக்கச் சொன்னது அவர் காதுக்குப் போய்விட்டது. "அந்த வாயாலயே வழிச்சுக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

மாமி, மனைவியின் தாய், என்னோடு நேரே பேசமாட்டார். ஏதும் சொல்வதென்றால் வீட்டுக் கூரையைத் தாங்குகிற மரத்தூண், அந்தக் கப்போடுதான் பேசுவார். "இந்தத் தாடியோட ஆரும் புள்ளையத் தொடப்படாது" என்று கப்புக்குச் சொன்னார். கப்புக்குத் தாடி இல்லை. ஆகவே அது எனக்குத்தான் என்று விளங்கிக்கொண்டேன். ஒரு மாதமாக அறைக்கு வெளியே நின்று பிள்ளையின் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டணத்தில் யாரிடமாவது வழித்துக்கொண்டு வரலாம்தான். அடுத்த கிழமையும் மயிர் முளைக்குமே. கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போய் முகம் வழிக்க நான் என்ன காணி பூமி உள்ள உடையாரா? சொந்தமாக ஒரு கத்தி வாங்குவது என்று முடிவு செய்து இரண்டரை ரூபாயோடு புறப்பட்டேன். கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது வெட்டும் என்பது.

ஏழரைக்கு மட்டக்களப்பு. பதினொரு மைலுக்கு ஒரு மணித்தியாலம். இடையில் ஒரு கோழி இறங்கி ஓடியதால் பத்து நிமிசம் அதில் போனது. கடைகள் திறக்கும்வரை வாவிக் கரையில் இருந்து தோணிகளை எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன்.

முதல் கடையில் ஜெர்மன் கத்தி, வெள்ளைப் பிடி, நாலரை ரூபாய். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிறமாதிரித் திருப்பி வைத்தேன். மூன்றாவது கடையில் ஒன்றே கால் ரூபாய்க்கு ஒன்று இருந்தது. நல்ல மினுக்கம், அதிலே என் மூக்கு தெரிந்தது. இதையே கண்ணாடியாகவும் வைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். முதலாளி நேர்மையான ஆள். தீட்டுகிற தோல்வார் இல்லாமல் கொண்டுபோனால் இரண்டு தரம்தான் வழிக்கும், மூன்றாம் தரம் மயிரைப் பிடுங்கும் என்றார். வார் இன்னும் ஒன்றே முக்கால். என் கணக்கறிவுக்கே அது கட்டாது என்று விளங்கியது. மத்தியானம்வரை அலைந்தேன். தாடி மட்டும் வளர்ந்தது.

இரண்டு மணி பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினேன். பக்கத்தில் இடுப்பில் உடுக்கிற சாரத்துணி மூட்டையோடு காத்தான்குடி வியாபாரி ஒருவர் இருந்தார். கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் என் கதை முழுவதையும் கேட்டு முடித்தார். எங்கட ஒஸ்தாவிடம் பழைய கத்திகள் இருக்கும், இறங்கு என்று மூட்டையோடு என்னையும் இறக்கிவிட்டார். முடி வெட்டுகிறவரைக் காத்தான்குடியில் ஒஸ்தா என்பார்கள். இந்த ஒஸ்தா என்னைவிடப் பத்து வயது இளையவர். குருக்கள்மடத்துக்குக் கடைசி பஸ் மூன்றரைக்கு.

ஒஸ்தா தன் கடையில் ஒரு சீலைத்துண்டை விரித்து மூன்று பழைய கத்திகளை வைத்தார். மினுங்குகிறதில் கை வைத்தேன்.

"அண்ணன், பொண்ணு பாக்க வந்தயா, கத்தி பாக்க வந்தயா?" என்றார்.

அதைத் தட்டைக் கல்லில் படுக்க வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது: கத்தி வளைந்து போயிற்று. இரண்டாவது, தீட்டித் தீட்டி ஈர்க்கில்போல ஒடுங்கியது. மூன்றாவதில் கறுப்புப் புள்ளிகள், கொம்புப் பிடியில் வெடிப்பு. அதன் முதுகை நகத்தால் சுண்டினார். வெண்கலக் கிண்ணம்போல ஒலித்தது. கையில் இருந்து ஒரு மயிரைப் பிடுங்கிக் கூரில் விட்டார், இரண்டாய் விழுந்தது. மூலை மழுங்கிய கத்தி அது. மூலை கூராய் இருந்தால் முதல் நாளே காது போய்விடும் என்றார். தோல் துண்டோடு ஒன்றரை ரூபாய். காசை நீட்டினேன். வாங்கவில்லை.

"புதுசா வழிக்கிற ஆளுக்குச் சும்மா குடுக்கமாட்டன். வலது கன்னத்த நான் வழிக்கன். இடது கன்னம் உன்ட. வழிச்சுக் காட்டினா கொண்டு போ. வெட்டுப்பட்டா நாளைக்கு உன்ட சனம் என்னத்தான் கேக்கும்."

கத்தரிக்கோலால் கன்னத்துத் தாடியைக் கட்டையாக்கி, வலது பக்கத்தை நாலு இழுவையில் முடித்தார். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என் முறை. தோலை இழுத்துப் பிடி, கத்தியைப் படுக்கவை, அழுத்தாதே என்றார். இடது கன்னத்தை வலது கையால் எட்டுவது, அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறமாதிரி. கூடியவர்கள் சிரிக்க ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாம வழி அண்ணன். பேசினா ரெத்தம்."

பேசாமல் வழித்தேன். நித்திரை தவிர்ந்த நேரத்தில் நான் அவ்வளவு நேரம் வாய் மூடியிருந்தது அன்றுதான். கன்னம் முடிந்து நாடிக்கு வரும்போது பஸ் ஊதியது. ஒஸ்தா கன்னத்தைத் தடவிப் பார்த்து, கத்தியைத் தோலில் சுற்றிக் கையில் தந்தார். காசை வைத்துவிட்டு நுரையோடு ஓடினேன்.

இரண்டு கன்னமும் மழமழ, நாடியில் ஆட்டுத்தாடி. டிக்கட் தருகிறவர் நின்று பார்த்தார். "ஆட்டுக்கு அரை டிக்கட்தான்" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவர் முழுக் காசுதான் வாங்கினார்.

பிறகு திங்கட்கிழமை விடியல். கிணற்றடியில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து நாடியையும் மேலுதட்டையும் நானே வழித்தேன். அழுத்தாதே என்று சொல்ல ஒஸ்தா பக்கத்தில் இல்லை. மூன்று வெட்டு. குளித்து முடித்து அறை வாசலில் நின்றேன். மாமி என் முகத்தைப் பார்த்தார், பிறகு கப்பைப் பார்த்தார்.

"மூணு இடத்தில வெட்டி இரிக்கு. பிடிக்கிற கை உறுதியா எண்டு கேளு."

கப்பு பதில் சொல்லவில்லை. உறுதிதான் மாமி என்று நானே சொன்னேன். மாமி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தார். பிறகு, கல்யாணம் முடித்த நாள்முதல் இல்லாத வழக்கமாய், என்னையே பார்த்துச் சொன்னார்.

"கழுத்துக்குக் கை குடு மருமகன்."

குடுத்தேன். சுடு சோற்று மூட்டைபோல இருந்தாள். கண்ணைத் திறந்து, இந்த ஆள் யார் என்று பார்த்தாள். பஸ் ஏறியது முதல் சொல்ல வைத்திருந்த பகிடிகளை விட்டுவிட்டு, நான்தான் அப்பா என்றேன்.