கைராசி உருவிய டிஸ்க்

இது நடந்தது. எனக்குச் சொன்னவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகவே தெரியும். இந்தச் சங்கதியே அவர் கூசாமல் சொன்ன ஒரு பொய்யில்தான் ஆரம்பிக்கிறது. அதை அவரே என் எதிரில் உட்கார்ந்து, டீயைத் தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதனால்தான் நம்புகிறேன். சுடுகாடு, நடுச்சாமம், நாய் ஊளை எல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

தொழில் வட்டாரத்தில் அவரைக் கைராசி என்பார்கள். இனி பிழைக்காது என்று மற்றவர்கள் கைவிட்ட ஹார்டு டிஸ்க், அவர் தொட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஒரு ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் கம்ப்யூட்டர் பராமரிப்பு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுக்கவேண்டிய நோயாளிகள் அங்கே முன்கூட்டியே வருவார்கள். 'தண்ணி வேணும்', 'வலிக்குது', 'கிட்ட வா' என்று தேவைப்படும் வாக்கியங்களைத் தங்கள் குரலில் பேசிப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு குரல் போனாலும் ஒரு சின்னக் கருவியைத் தட்டினால் அவர்கள் குரலே பேசும். அத்தனை பேர் குரலும் ஒரு பெட்டியில், வரிசையாகச் செருகிய ஐந்து டிஸ்குகளில் இருந்தது. ஒன்று கெட்டால் மற்ற நான்கும் சேர்ந்து அதன் பங்கை ஈடுகட்டிவிடும். இரண்டு போனால் கதை முடிந்தது.

ஒரு நாள் ஒன்று கெட்டது. கைராசியைக் கூப்பிட்டார்கள். திரையில் 'டிஸ்க் 3 பழுது' என்று இருந்தது. அந்தப் பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும். மூன்று என்றால் இடப்பக்கத்திலிருந்து நான்காவது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை அவரே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று மச்சானோடு போனில் அரட்டை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மூன்றாவதை உருவிவிட்டார். அது நல்ல டிஸ்க்.

பெட்டி முழுக்கச் சிவப்பு விளக்கு. பதறிப்போய்த் திரும்பச் செருகினார். கண்ட கண்ட பொத்தானை அமுக்கினார். மிச்சமிருந்ததும் குழம்பிப்போயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ரெண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்துல போயிடுச்சு. என்ன பண்றது, நேரம்" என்றார். கைராசியே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்?

அதோடு மறந்திருப்பார். ஒரு பெண் மறக்க விடவில்லை.

அவளுடைய அம்மா பஸ் கண்டக்டர். "எங்கம்மா 'உள்ள போங்க'ன்னு ஒரு சத்தம் போட்டா, முன்னாடி போற பஸ்ல இருக்கறவங்ககூட உள்ள போவாங்க அண்ணே" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்படிப்பட்ட அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு முனகல்கூட இல்லாமல் சில நாள் படுக்கையில் கிடந்து, கண்ணை மூடிவிட்டாள். குரல் டிஸ்கில் இருக்கிறது, மீட்டுவிடலாம் என்று அங்கே குரல் பதிவு செய்யும் பயிற்சியாளர் மேடம் சொல்லியிருந்ததால், அந்தப் பெண் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என் பேரையாவது சொல்லியிருப்பாங்கல்ல அண்ணே? ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்."

அந்த 'அண்ணே' ஒவ்வொன்றும் அவருக்குச் சூடு வைத்த மாதிரி இருந்தது. மூன்று வாரம் இப்படியே போயிற்று. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. குரலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், சொல்லவே வேண்டாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பெட்டி இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர், மின்விசிறிகளின் உஸ்ஸ் சத்தம், கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்.

டிஸ்குகளை அவர் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, நகலில்தான் வேலை. சிதறிய துண்டுகளை மென்பொருள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. பெயர், தேதி எல்லாம் அழிந்துபோய், மொட்டையாகச் சில ஒலித்துண்டுகள் வந்தன.

மதியம் 2.10. முதல் துண்டை ஓடவிட்டார்.

கர்ர்ர்... கர்ர்ர்...

அடுத்தது.

"தண்ணி வேணும்."

கணீரென்று ஒரு பெண் குரல். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அடுத்ததைத் தட்டினார்.

"யாரது படியில நிக்கிறது? உள்ள போங்க, உள்ள போங்க."

கண்டக்டரம்மாவேதான்! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட நினைத்தார். இன்னும் இரண்டு மூன்றைச் சரிபார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் அது காதில் பட்டது. வாக்கியம் முடிந்த பிறகு, பின்னணியில்...

டக். சர்ர்க்.

திரும்பப் போட்டார். டக். சர்ர்க். தொழில் தொடங்கிய நாளிலிருந்து கேட்கும் சத்தம். கொக்கி விடுபட்டு, டிஸ்க் பெட்டியிலிருந்து உருவப்படும் சத்தம்.

குரலைப் பதிவு செய்யும்போது டிஸ்கை யார் உருவுவார்கள்? நாற்காலி ஏதாவது நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த துண்டு. "வலிக்குது."

டக். சர்ர்க். இந்தத் தடவை இன்னும் பக்கத்தில்.

அடுத்த துண்டு. "கிட்ட வா."

அதன் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ ஒரு ஆண் பேசுகிறான்.

"...ஆமா மச்சான்... இரு, கையில ஒரு வேல... மூணாவதுதான்... உருவிட்டு வர்றேன்..."

அவருடைய குரல்.

டக்.

சர்ர்க்.

ஒலி ஓடுவதை நிறுத்தினார். திரையில் நிறுத்திவிட்டதாகத்தான் காட்டியது.

ஆனால் வினாடிகள் நகர்ந்தன. 31... 32... 33...

மூச்சுவிடும் சத்தம். ஸ்பீக்கரில்.

பிறகு, ரொம்ப நிதானமாக...

"இன்னும் ஒரு ஆள் டிக்கெட் எடுக்கல."

மூச்சு.

"நானே கிட்ட வந்து கேட்டா நல்லா இருக்காது."

கதவை எப்படித் திறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பெஞ்சில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"நான்தாம்மா" என்றார். "டிஸ்க் தானா போகல. கெட்டத விட்டுட்டு நல்லத உருவினேன். போன்ல பேசிக்கிட்டே உருவினேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் அவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். கை ஓங்குவாள் என்று நினைத்தாராம். ஓங்கினால் தேவலை என்றும் இருந்ததாம்.

"எங்கம்மா அதுல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப வழிய விடுங்க."

உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவருக்கு அந்த அறைக்குள் கால் வைக்கத் துணிவில்லை. வெளியே நின்றபடியே பயிற்சியாளருக்குப் போன் போட்டார். நடந்த தப்பு, சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது. கடைசியில், "ஆனா அந்தம்மா குரல் கிடைச்சிடுச்சு மேடம்" என்றார்.

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மேடம்?"

"அது கிடைக்காது சார்."

"நான் என் காதால கேட்டேன்."

"எப்படிக் கிடைக்கும்? அன்னைக்குத்தான் அவங்களுக்குப் பதிவு. மைக் முன்னாடி உட்கார்ந்து மொத வார்த்தைக்கு வாயத் திறந்தாங்க, மெஷின் நின்னுபோச்சு. நீங்க பக்கத்து ரூம்ல உருவுன நேரம்தான் அது." மேடத்தின் குரல் உடைந்தது. "காலையில பண்ணிக்கலாம், மககிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவான்னு அந்தம்மாவே சொன்னாங்க. நான் வர்றதுக்குள்ள ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு முகத்தப் பார்த்து எப்படிச் சொல்றது? டிஸ்க்ல இருக்குன்னு சொல்லிட்டேன். நானும்தான் பொய் சொன்னேன் சார். அவங்க ஒரு வார்த்தகூடப் பதிவு பண்ணல."

கைராசி மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தார். அந்தப் பெண் திரைப் பக்கமே பார்க்கவில்லை. கண்ணை மூடி, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "ம்... ம்... சரிம்மா..."

"அப்புறம் அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். ஒரு பொய்யை இறக்கி வைத்த கையோடு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டார் பாவம். அந்தத் துண்டுகளை அவள் தன் போனில் வாங்கி வைத்திருக்கிறாள். தூங்கப் போகும் முன்னால் தினமும் கேட்கிறாளாம். போன வாரம் வழியில் பார்த்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை சந்தோஷமாகச் சொன்னாளாம்.

"அண்ணே, அன்னைக்கு நான் எல்லாத்தையும் சரியாக் கேக்கல போலிருக்கு. கேக்கக் கேக்கப் புதுசு புதுசா வருது. நேத்து உங்களப் பத்திக்கூட விசாரிச்சாங்க."