இருமலைக் காட்டிக்கொடுத்தவர்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில், ஏரித் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று நானும் என் பெரியப்பா மகனும் அடித்துக்கொண்டோம். இருவர் மண்டையிலும் தையல், இருவர் மேலும் வழக்கு. சிறையில் இடமில்லாமல் எங்களை வேறு சிலரோடு ஒரே அறையில் அடைத்தார்கள். அண்ணன் முறைதான், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை.

எனக்கு முன்பிருந்தே இருமல். பீடி இருமல் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்து வந்தேன். சிறையில் அது முற்றியது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வந்துவிடும். சளியில் ரத்தம் தெரிந்த அன்று துண்டில் துடைத்து மறைத்தேன். தெரிந்தால் தனியாகத் தள்ளிவிடுவார்கள், ஜாமீனும் தள்ளிப்போகும் என்று பயம்.

மறுநாள் காலை கதவு திறந்ததும் அண்ணன் வார்டரிடம் சொல்லிவிட்டார்.

"சார், இவன் ரத்தமா துப்பிக்கினு கீறான். டாக்டராண்ட காட்டுங்க."

பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. சிறை மருத்துவமனையில் தனி அறை. என்னை ஒழிக்கத்தான் சொன்னான் என்று திட்டிக்கொண்டே மாத்திரை விழுங்கினேன். சிறுநீர் சிவந்துபோக, அலறிக்கொண்டு டாக்டரிடம் சொன்னேன். மருந்தின் நிறம்தான் என்று சிரித்தார். மெல்லக் காய்ச்சல் விட்டது. கொடுத்த முட்டை போதாமல் இன்னொன்று கேட்கும் அளவுக்குப் பசி வந்தது. எங்கள் அறையில் இருந்த மற்றவர்களையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் அண்ணனிடம் கேட்டேன். "இன்னாத்துக்குச் சொன்னே?"

"எனக்கும் ஒட்டிக்கும்னு பயம்தான்," என்றார். "அதுக்காவ மட்டும் இல்ல. சண்ட போட்டோம், சரி. கண்ணெதிர்ல ஒருத்தன் சாவறத பாத்துக்கினு இருக்க முடியுமா?"

அன்று சேர்ந்து சாப்பிட்டோம்.

ஜாமீனில் விட்டபோது, வழிக்கு மாத்திரை கொடுத்து, மீதியை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அழைத்துப்போக வந்த மனைவியிடம் பஸ்ஸில் நோயைச் சொன்னேன். தள்ளி உட்காருவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கும் புள்ளைங்களுக்கும் நாளிக்கே பாத்துடலாம்," என்றாள்.

பார்த்தோம். அவர்களுக்கு ஒன்றுமில்லை. மாத்திரைகள் முடிந்து கடைசிப் பரிசோதனைக்குப் போனேன். "கிருமி இல்ல. பீடி மட்டும் வாணாம்," என்றார் நர்ஸ்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு நானும், பின்னால் ஜாமீனில் வந்த அண்ணனும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறோம்.